650 சொற்களுக்குள் நீங்கள்: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை எழுதும் முறை

பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கேயே பொறியியல் சேருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மொத்தம் 200க்குக் கட் ஆஃப் எவ்வளவு என்று பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று கலந்தாய்வில் யாரும் விசாரிப்பதில்லை. அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தால் விசாரிப்பார்கள். அதற்கு ஒரு கட்டுரை கேட்பார்கள்.

பல கல்லூரிகளுக்குக் காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போகலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய விண்ணப்பம் திறக்கும். அதில் உங்களைப் பற்றிய கட்டுரை குறைந்தது 250 சொற்கள், அதிகபட்சம் 650 சொற்கள். 651வது சொல்லைப் பெட்டி ஏற்றுக்கொள்ளாது.

தலைப்புகள் 7 தருகிறார்கள். உங்கள் பின்னணி, சந்தித்த தோல்வி, கேள்வி கேட்ட ஒரு நம்பிக்கை, நேரம் போவது தெரியாமல் மூழ்கும் விஷயம் என்று போகும். 7வது, உங்கள் விருப்பம் எதுவோ அது. எனவே தலைப்பைப் பிடித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு எந்தத் தலைப்புக்குப் பொருந்துகிறதோ அதில் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு நோட்டு

கணினியைத் திறக்க வேண்டாம். ஒரு வாரம் ஒரு நோட்டில் சில்லறை விஷயங்களை எழுதி வையுங்கள். எந்த வேலை வந்தால் வீட்டில் உங்களைக் கூப்பிடுகிறார்கள்? யாரும் சொல்லாமலே எதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்? போன வருடம் சரி என்று நினைத்த எது இப்போது தப்பாகத் தெரிகிறது? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்.

பரிசு, பதக்கம், மார்க் எதையும் இந்த நோட்டில் சேர்க்காதீர்கள். விண்ணப்பத்திலேயே விருதுகளுக்கு 5 இடமும், செயல்பாடுகளுக்கு 10 இடமும் தனியாக இருக்கின்றன. அங்கே சொன்னதைக் கட்டுரையில் மறுபடி சொன்னால் 650 சொற்களும் வீண்.

என் அக்கா மகள் போன வருடம் விண்ணப்பித்தாள். அவள் நோட்டில் பதினாறு விஷயங்கள் இருந்தன. பதினோராவதாக, 'அப்பத்தாவோடு பேங்க்குக்குப் போனால் எல்லோருக்கும் சலான் எழுதித் தருவேன்' என்று ஒரு வரி. அதை வட்டமிட்டு வைத்தேன். அவளுக்குக் கோபம். "இதுல என்ன மாமா இருக்கு?" என்றாள்.

முதல் வரைவு

முதல் வரைவு மோசமாகத்தான் வரும், வரட்டும். ஆயிரம் சொல் ஆனாலும் பரவாயில்லை. தமிழில்தான் ஓடுகிறது என்றால் தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் அதை வரிக்கு வரி ஆங்கிலமாக்காதீர்கள். தமிழ் வரைவை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள்.

இங்கேதான் நம் பிள்ளைகள் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் பத்து வருடம் எழுதிய பழக்கம். சேர்க்கை அலுவலகத்தில் படிப்பவருக்கு முன்னுரை தேவையே இல்லை. அக்கா மகளின் முதல் வரைவு எப்படித் தொடங்கியது தெரியுமா? அவள் எழுதியது ஆங்கிலத்தில், சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

'சிறு வயதிலிருந்தே மக்களுக்கு உதவுவதில் எனக்கு ஆர்வம் அதிகம். முதியோர் நம் சமுதாயத்தின் சொத்து. வங்கியில் அவர்களுக்கு உதவியதன் மூலம் பொறுமையையும் தலைமைப் பண்பையும் கற்றுக்கொண்டேன்.'

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை அடித்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் இது பொருந்தும். உங்கள் வரைவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இந்தச் சோதனையை வையுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரர் எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் என்றால் அடித்துவிடுங்கள். மேலே உள்ள மூன்றும் போயின.

திருத்தம் (முக்கால்வாசி வேலை இதுதான்)

அடித்த பிறகு என்ன மிஞ்சும் என்று பயம் வரும். உதவிக்கு யாராவது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். நான் கேட்டேன். பேனா எங்கே இருக்கும்? "கவுண்டர்ல நூல் போட்டுக் கட்டியிருக்கும், எழுதாது." முதலில் கேட்டது யார்? என்ன கேட்டார்கள்? அப்போதுதான் அந்தப் பாட்டி கதை வெளியே வந்தது. பாஸ்புக்கில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. எந்தப் பேரை எழுதட்டும் என்று இவள் கேட்டிருக்கிறாள். பாட்டி சொன்ன பதில்: "பேங்க்காரவுகளுக்கு எது பிடிக்குமோ அதைப் போடு தாயி."

கட்டுரை அங்கேதான் இருந்தது. இரண்டாவது வரைவு அந்தப் பதிலோடு தொடங்கியது. அதன் பிறகு அவள் ஒரு சார்ட் அட்டையில் சலானைப் பெரிதாக வரைந்து, எந்தக் கட்டத்தில் எதைப் பார்த்து எழுத வேண்டும் என்று அம்புக்குறி போட்டு, மேலாளரிடம் கேட்டு ஒட்டியிருக்கிறாள். ஒருவரும் அதைப் பார்க்கவில்லையாம், முன்போலவே இவளிடமே பாஸ்புக்கை நீட்டினார்கள். இதை எழுதக் கூச்சப்பட்டாள். எனக்கோ அதுதான் கட்டுரையிலேயே நல்ல இடம் என்று பட்டது. தோற்றுப்போன அந்த அட்டையைப் பற்றி யோசிக்கும்போதுதான், இந்தப் படிவத்தை யாரை மனதில் வைத்து வடிவமைத்தார்கள் என்ற கேள்வி அவளுக்கு வந்திருக்கிறது. கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பதற்கு அவளிடம் இருந்த உண்மையான காரணமும் அதுவே.

இரண்டாவது வரைவின் கடைசிப் பத்தி, 'அன்று நான் உணர்ந்தேன்' என்று ஆரம்பித்தது. அடித்தோம். படிப்பவர் ஏற்கெனவே உணர்ந்துவிட்டார். இந்த ஒரு பத்தி போனதில் எண்பது சொற்கள் மிச்சம்.

அப்புறம் சத்தமாகப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பெரும்பாலும் அகராதியிலிருந்து பிடித்த சொல் ஒன்று உட்கார்ந்திருக்கும். பேச்சில் நீங்கள் பயன்படுத்தாத சொல்லை எடுத்துவிட்டு, தெரிந்த சொல்லைப் போடுங்கள். இரண்டு நாள் தொடாமல் வைத்துவிட்டு மறுபடி ஒருமுறை. அவள் ஐந்து வரைவு எழுதினாள், அது அதிகமில்லை.

யாரிடம் காட்டுவது?

இரண்டு பேர் போதும். ஒருவர் உங்களை நன்றாகத் தெரிந்தவராக இருக்கட்டும், 'இது நீ பேசுகிற மாதிரி இருக்கிறதா?' என்று அவரிடம் கேளுங்கள். இன்னொருவர் ஆங்கில இலக்கணம் பார்ப்பவர். ஏழெட்டுப் பேரிடம் காட்டினால் ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு வரியைச் செதுக்கி, கடைசியில் உங்கள் குரலே இருக்காது. காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறேன் என்பவர்களின் பக்கம் போகவே வேண்டாம். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததை உங்களுடையதாகக் காட்டுவதையும் காமன் ஆப் மோசடிக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. தவிர, நூலில் கட்டிய எழுதாத பேனா அதற்கு எப்படித் தெரியும்?

மற்ற கட்டுரைகள், தேதிகள்

பல கல்லூரிகள் இதற்கு மேல் தனியாகக் குறுங்கட்டுரைகள் கேட்கும். 'எங்கள் கல்லூரி ஏன்?' என்ற கேள்விக்கு அந்த ஊரின் அழகைப் புகழாதீர்கள். அங்கே நீங்கள் எடுக்க நினைக்கும் பாடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்குக் காமன் ஆப் செல்லாது. அவர்களுக்குத் தனி விண்ணப்பம், 8 கேள்விகளில் 4க்கு, தலா 350 சொற்களுக்குள் பதில். மற்ற கல்லூரிகளில், முன்கூட்டிய சேர்க்கைக்குக் கடைசித் தேதி பல இடங்களில் நவம்பர் 1, வழக்கமான சேர்க்கைக்கு ஜனவரி தொடக்கம். கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஒவ்வொன்றின் தளத்திலும் பார்த்துவிடுங்கள். கோடை விடுமுறையிலேயே நோட்டைத் திறந்துவிட்டால் அரையாண்டுத் தேர்வோடு மோதாது.

ஒட்டும்போது

வேறு கோப்பில் எழுதி முடித்து, பிறகு பெட்டியில் ஒட்டுங்கள். பத்தி இடைவெளிகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று முன்னோட்டத்தில் பாருங்கள். ஒரே கட்டுரையைப் பல கல்லூரிகளுக்கு அனுப்புவதால் அதில் எந்தக் கல்லூரியின் பெயரும் இருக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து அனுப்பும் நாளில் அக்கா மகள் போன் செய்தாள். விண்ணப்பத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். அவளுக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். "மாமா, எந்தப் பேரை எழுதட்டும்?" என்றாள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடு என்றேன்.