பிள்ளைகளோடு இலங்கையின் மலைநாட்டில் நடக்கப் போகிறவர்கள் விடும் தவறுகள்

குடும்பமாக மலையேறப் போகிறவர்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் திரும்பி வரும் வழியில்தான். பின்னேரம் மூன்று மணி. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, போத்தலில் தண்ணீர் முடிந்துவிட்டது, சின்னது "தூக்கு" என்று அடம்பிடிக்கிறது. பெரியவர்கள் குறுக்குப் பாதை தேடத் தொடங்குகிறார்கள். நம் மலைகளில் குறுக்குப் பாதை தேயிலைக்குள் வெட்டிய வடிகால் கானுக்குள்ளும் கொண்டுபோய் விடும், கைவிட்ட மாணிக்கக் குழிக்குள்ளும் கொண்டுபோய் விடும். இதைத் தவிர்க்கும் முடிவுகளை விடியற்காலையிலேயே, சிலவற்றை வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

பெரியவர்களின் கணக்கில் நேரம் போடுவது

ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர். பெரியவர்கள் மட்டும் போனால் மூன்று, மூன்றரை மணித்தியாலத்தில் முடிப்பார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை கூட வந்தால் ஏறத்தாழ ஆறு ஆகும். கணக்கு இப்படி: மணிக்கு 2 கிலோமீற்றர், ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் 15 நிமிடம் மேலதிகமாக, மணித்தியாலத்துக்கு ஒருமுறை 10 நிமிட ஓய்வு. கூட்டத்தில் ஆகச் சின்ன காலுக்குத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஹோர்ட்டனில் இன்னொரு தவறும் நடக்கிறது. பாதை பிரியும் இடத்தில் நீர்வீழ்ச்சி பார்க்கும் ஆசையில் முதலில் பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். அங்கே படம் எடுத்து, பிஸ்கட் சாப்பிட்டு, உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்துக்குக் கீழிருந்து முகில் ஏறிவிடும். 870 மீற்றர் அளவு ஆழமான பள்ளத்துக்குப் பதில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாத முகிலில் பிள்ளைகளை விளிம்புக்கு விடவும் கூடாது. காலை ஆறு மணிக்கே வாயிலில் நில்லுங்கள். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பிறகு பேக்கர் என்று சுற்றினால் ஒன்பது மணிக்குள் முக்கியமான இடம் முடிந்துவிடும். வாயிலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிவிடுவார்கள் என்பதால் சாப்பாட்டை வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொள்ளுங்கள். வாகனத் தரிப்பிடத்துக்கு வரும் மரைகளுக்குப் பிள்ளைகள் கையால் தீனி கொடுக்க அனுமதிக்க வேண்டாம். மரை சாதுவாக நின்றாலும் காட்டு மிருகம்தான்.

எந்த மலையானாலும் திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன் மணிக்கூட்டில் குறித்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இங்கே வருடம் முழுவதும் ஐந்தேமுக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறைகிறது. அடர்ந்த காட்டுக்குள் ஐந்தரைக்கே பாதையில் வேர் தெரியாது. "உச்சி அந்தா தெரியுதே, இன்னும் பத்து நிமிஷம்தான்" என்ற பேச்சுக்கு மயங்கினால் அந்த நேரத்துக்கு இருட்டில் இறங்க வேண்டிவரும். இறக்கம் சுலபம் என்ற நினைப்பும் பிழை. சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறி இறங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், 5,500 படிகளில் முழங்கால் அழுவது இறங்கும்போதுதான். அங்கே பருவகாலம் டிசம்பர் உந்துவப் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் பௌர்ணமி வரை. மற்ற மாதங்களில் பாதையில் வெளிச்சமும் இராது, தேநீர்க் கடையும் இராது. பிள்ளைகளோடு அப்போது போக வேண்டாம்.

மலையின் எந்தப் பக்கம் என்று பாராமல் திகதி குறிப்பது

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், தலவாக்கலை, கினிகத்தேனை, நுவரெலியா நனையும். அதே ஓகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்லப் பக்கம் காய்ந்து கிடக்கும். ஆனால் அந்த ஊவாப் பக்கத்தில் அந்தக் காலத்துக் கச்சான் காற்று மலைமுகட்டில் நிற்கும் பிள்ளையைத் தள்ளிவிடும் அளவுக்கு அடிக்கும், புல்லும் தீப்பிடிக்கும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை மாறும். பதுளை, பசறை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு எல்லாம் வடகிழக்கு மழையில் இருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு மணிக்குப் பிறகு இடி மின்னல் வருவது வழக்கம் என்பதால் மதியத்துக்குள் மொட்டை முகடுகளை விட்டு இறங்கிவிட வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. போகும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால், மஞ்சளாக இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள் (வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்ததை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை.

தட்டையான இடம் பாதுகாப்பானது என்று நம்புவது

மலைநாடு என்றால் தேயிலை என்று மட்டும் நினைக்கிறோம். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு, பலாங்கொடை, இரத்தினபுரி, மாத்தளைக்கு அப்பால் எலஹெர, இவையெல்லாம் மாணிக்கக்கல் பூமி. மேலே உள்ள பாறைகள் தேய்ந்து, கற்கள் ஆற்றோடு உருண்டுவந்து, பள்ளத்தாக்கின் அடியில் சரளையாகப் படிந்திருக்கின்றன. அதைத்தான் "இல்லம" என்கிறார்கள். ஆகவே குழிகள் இருப்பது செங்குத்துச் சரிவில் அல்ல. ஓடைக்கரை, பழைய வயல், காட்டோரத்துச் சமதரை என்று குடும்பம் பாயை விரித்துச் சாப்பிட உட்காரும் அதே இடங்களில்தான் அவை இருக்கும்.

வேலை நடக்கும் குழியின் சுவருக்கு மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து, இடையில் கெக்கில்லப் பன்னத்தை அடைத்திருப்பார்கள். பம்பு ஓடும்வரை உள்ளே தண்ணீர் நிற்காது. வேலையை விட்டதும் தண்ணீர் ஏறும், கட்டை உக்கும், சுவர் அடியில் கரைந்து மேல்விளிம்பு மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் புல்லும் பன்னமும் படர்ந்துவிட்டால் வாயே தெரியாது. போதாததற்குக் குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் சுரங்கம் குடைந்திருப்பார்கள். அதனால் வாய்க்குப் பல மீற்றர் தள்ளியும் நிலம் உள்வாங்கலாம். உரிமம் பெற்றவர்கள் வேலை முடிந்ததும் குழியை மூட வேண்டும் என்பது சட்டம். இரவில் வந்து திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் மூடிவிட்டுப் போவதில்லை.

கண்ணில் பட வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. ஓடைக்கு விலகி, கழுவினது போலச் சுத்தமான கூழாங்கல் குவியல், அதன்மேல் புல். வரிசையாக வெட்டின கம்புகள், ஓலைக் கொட்டிலின் மிச்சம். சமதரையில் ஓரிடத்தில் மட்டும் வட்டமாகச் செழித்த பச்சை, அல்லது அசையாத கலங்கல் தண்ணீர். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளின் கையைப் பிடித்து, வந்த காலடித் தடத்திலேயே பாதைக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் ஆட்கள் பாதையை விட்டு விலகுவது "ஒதுங்கப்" போகும்போதுதான். பிள்ளையை அதற்குத் தனியாக அனுப்பாமல், பாதையோரத்திலேயே ஒரு துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டால் போதும்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக்கூடாது. ஆழமான குழியின் அடியில் மூச்சு விடக் காற்று இல்லாமல் இருக்கலாம், விளிம்பும் இடியலாம். நெஞ்சு தரையில் படப் படுத்துக்கொண்டு கயிறு, சேலை, நீளக் கம்பு எதையாவது நீட்டுங்கள். ஒருவர் உடனே பொலிஸின் 119-க்கு அழைக்கட்டும்.

மாணிக்க வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், நல்ல பாடம்தான். இரத்தினபுரிப் பக்கம் உரிமம் உள்ள குழிகளில் கேட்டால், மூங்கில் கூடையில் சரளையைச் சுழற்றிக் கழுவுவதைக் காட்டுவார்கள். முதலில் கேளுங்கள், விளிம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். ஓடையில் நாமே கல் அரித்துப் பார்ப்பது விளையாட்டல்ல. உரிமமில்லாமல் மாணிக்கக்கல் தேடுவது குற்றம். பொகவந்தலாவையின் கெசல்கமுவ ஓயா போல, படுக்கையைத் தோண்டிய ஆறுகளில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடி ஆள் ஆழமாக இருக்கும். குளிக்க இறங்க வேண்டாம். எந்த ஓடையிலும் தண்ணீர் திடீரென மண்நிறமாகி இலை, சுள்ளி மிதந்து வந்தால் மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். உடுப்பை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.

தேயிலைக்குள் குறுக்கே நடப்பது

செடிகளுக்கிடையே வெட்டியிருக்கும் கான்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிள்ளையின் கணுக்கால் முறிய அது போதும். மருந்து அடித்த மலையாகவும் இருக்கலாம். கொழுந்து எடுக்கிறவர்களிடம் கேட்டால் சரியான வழியைச் சொல்வார்கள். எங்கே குளவிக்கூடு இருக்கிறது என்றும் அவர்களுக்குத்தான் தெரியும்.

குளவியை எளிதாக எடுக்காதீர்கள். தோட்டங்களில் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கல் எறிவது, கூட்டுக்குக் கீழே தீ மூட்டுவது, கூச்சல், வாசனைத் திரவியம், இவையெல்லாம் கூட்டைக் கிளப்பும். கிளம்பிவிட்டால் கையால் அடிக்காமல், பிள்ளையின் முகத்தை உடுப்பால் மூடித் தூக்கிக்கொண்டு ஒரே திசையில் ஓடி, வீட்டுக்குள்ளோ வேனுக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். தண்ணீருக்குள் குதித்தால் மேலேயே காத்திருக்கும். வாயில், தொண்டையில் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பு தடித்தாலோ, பிள்ளைக்குப் பல கொட்டுகள் பட்டிருந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அட்டைக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. சப்பாத்துக்கும் காலுறைக்கும் காய்ந்த சவர்க்காரத்தையோ உப்பையோ தேய்த்து, காற்சட்டையைக் காலுறைக்குள் செருகினால் பெரும்பாலும் ஏறாது. கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின்மேல் உப்புப் போடக்கூடாது. குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். நகத்தால் வாயை மெல்லத் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாதபடி அட்டை செய்வதால் கொஞ்ச நேரம் ஒழுகும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஆனால் ஓடையில் முகத்தைக் குனிந்து குடிக்க மட்டும் விட வேண்டாம், மூக்குக்குள் ஏறும் அட்டையும் இருக்கிறது.

மற்றவை

ரப்பர் செருப்பு வேண்டாம், ஜீன்ஸும் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் காற்றில் பிள்ளையை நடுங்க வைக்கும். ஆளுக்கொரு சுவெட்டர், மழைக்கோட்டு, உலர்ந்த ஒரு சோடிக் காலுறை. அரை நாளுக்குப் பெரியவருக்கு ஒன்றரை லீற்றர், பிள்ளைக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு பைக்கட் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்). ரோர்ச் கட்டாயம், போன் வெளிச்சத்தை நம்பிப் பற்றரியைத் தீர்க்க வேண்டாம். எல்லவில் தண்டவாளத்தில் நடந்து போகும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கக்கூடாது. வளைவில் வரும் ரயில் சத்தம் காற்றடித்தால் கேட்காது.

அம்புலன்ஸுக்கு 1990, இலவசம். கூப்பிடும்போது "மலையில் நிற்கிறோம்" என்று சொன்னால் அவர்களால் வந்து சேர முடியாது. தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், கிட்டிய லயம் அல்லது கோயில், வாகனம் எதுவரை ஏறும் என்ற நான்கையும் காலையில் நடக்கத் தொடங்கும் இடத்திலேயே ஒருவரிடம் கேட்டு எழுதி, இரண்டு பெரியவர்களின் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.