பிள்ளைய ஹாஸ்டல்ல சேக்கப் போறீங்களா? ஷாப்பிங்லேர்ந்து பேக்கிங் வரைக்கும் ஸ்டெப் பை ஸ்டெப்பா

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பெரியவள கோயம்புத்தூர்ல ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல சேத்தோம், இந்த ஆகஸ்ட்ல சின்னவன் திருச்சிக்கு போனான். பெரியவளுக்கு ஒரு மாசம் முன்னாடியே நான் வாங்க ஆரம்பிச்சிட்டேன், மொத்தம் 7 பை. அங்க போய் பாத்தா ஒரு கட்டில், ஒரு மேஜை, ரெண்டடி அகலத்துல ஒரு அலமாரி, அவ்ளோதான் அவ பங்கு. 3 பை பிரிக்காமலே மெட்ராஸ்ல பெரம்பூர்ல இருக்கற எங்க வீட்டுக்கு திரும்பி வந்துச்சு. அது கூட பரவால்ல, அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி "ம்மா, நெயில் கட்டர் எந்த பைல போட்ட? காய்ச்சல் மாத்திரை எங்க இருக்கு?"ன்னு கேட்டா. தலைவலியோட உக்காந்து தேடிட்டு இருந்திருக்கா பாவம். எல்லாத்தையும் நானே மடிச்சு நானே அடுக்குனதால அவ பொருள் எங்க இருக்குன்னு அவளுக்கே தெரியல. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்திச்சு. அதனால சின்னவனுக்கு வேற மாதிரி பண்ணோம், அதைத்தான் இங்க எழுதறேன், முதல் தடவை சேக்கற அப்பா அம்மாவுக்கு உதவும்.

ஸ்டெப் 1: கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு போன்

ஹாஸ்டல் ஆபீஸுக்கு போன் பண்ணுங்க. கட்டில் நீள அகலம் என்ன (6க்கு 3 அடியா, 6க்கு இரண்டரையா), மெத்தை அவங்க தராங்களா, அலமாரிக்கு பூட்டு இருக்கா, துணி துவைக்க மெஷினா கைலயா, என்னென்ன கரெண்ட் சாமான் கூடாது, டிரஸ் கோட் என்ன. டிரஸ் கோட மட்டும் கண்டிப்பா கேளுங்க. நிறைய காலேஜ்ல பசங்களுக்கு ஃபார்மல் பேன்ட் சட்டை, டக் இன், ஷூ, பொண்ணுங்களுக்கு சுடிதார் துப்பட்டாவோடதான், லெக்கிங்ஸ் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. இது தெரியாம 6 ஜீன்ஸ் வாங்கிட்டு போய் அதை லீவுக்கு மட்டும் போட்டுக்கறது பணம் வேஸ்ட்.

அந்த ஊர் எப்படின்னும் கேட்டுக்கோங்க. நமக்கு ஆகஸ்ட்ல புழுக்கம், கோயம்புத்தூர்ல பாலக்காட்டு கணவாய் வழியா காத்து அடிச்சிட்டே இருக்கும், காலைல குளிரும். மெட்ராஸ்ல வளந்த பிள்ளைக்கு ஒரு போர்வை கூட உருப்படியா கிடையாது, பெரியவ முதல் வாரம் துப்பட்டாவ போத்திட்டு தூங்கினா. திருச்சி அப்படி இல்ல, வெயில் ஊரு, சின்னவனுக்கு மெல்லிசு பருத்தி சட்டையும் ஒரு தண்ணி பாட்டிலும்தான் முக்கியம்.

ஸ்டெப் 2: ஃபைல்

துணிமணிக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க, கடைசி நாள்ல ஜெராக்ஸ் கடை வாசல்ல நிக்கற டென்ஷன் வேணாம். பட்டன் வெச்ச பிளாஸ்டிக் ஃபைல்ல அலாட்மென்ட் ஆர்டர், 10வது 12வது மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்ல முதல் பட்டதாரின்னா அந்த சான்றிதழ், ஆதார், மெடிக்கல் ஃபிட்னஸ், பீஸ் கட்டுன ரசீது. ஒவ்வொண்ணுக்கும் 5 ஜெராக்ஸ், எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி பிள்ளை போன்லயும் உங்க போன்லயும் வெச்சுக்கோங்க. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ 20 காப்பி, லைப்ரரி கார்டு, ஹாஸ்டல் கார்டு, பஸ் பாஸ்னு கரைஞ்சிடும்.

ஒரிஜினல் எதையாவது வாங்கி வெச்சுக்கிட்டா ரசீது கேளுங்க. ஒரிஜினல சரிபாத்துட்டு திருப்பி குடுக்கணும்னு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018லயே சொல்லியிருக்கு. ஆன்டி ராகிங் உறுதிமொழி ஆன்லைன்ல பிள்ளையும் பெத்தவங்களும் நிரப்பணும், அது வருஷா வருஷம். ஹெல்ப்லைன் நம்பர் 1800-180-5522, 24 மணி நேரமும் எடுப்பாங்க, பிள்ளை போன்ல சேவ் பண்ணி வைங்க. அரசுப் பள்ளில 6லேர்ந்து 12 வரைக்கும் படிச்ச பிள்ளைன்னா தமிழ்நாடு அரசோட திட்டத்துல, பொண்ணுக்கு புதுமைப்பெண், பையனுக்கு தமிழ்ப்புதல்வன், மாசம் 1000 ரூபாய் வரும், அதுக்கு பிள்ளை பேர்லயே ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுன்ட் வேணும், அத இங்க இருக்கும்போதே முடிச்சிடுங்க.

ஸ்டெப் 3: லிஸ்ட்ட மூணா பிரிங்க

ஒரு நோட்ல மூணு கட்டம். முதல்ல, இங்கேர்ந்து எடுத்துட்டு போகவேண்டியது. ரெண்டாவது, அந்த ஊர்ல போய் வாங்கிக்கறது. மூணாவது, முதல் லீவுக்கு வரும்போது பாத்துக்கலாம். எது எந்த கட்டம்னு சந்தேகம் வந்தா, முதல் 3 நாள் இது இல்லாம இருக்க முடியுமான்னு பிள்ளைகிட்ட கேளுங்க. முடியும்னா அது மூணாவது.

மெத்தை, தலகாணி, பக்கெட், மக்கு, துடைப்பம், குப்பைக்கூடை எல்லாம் ரெண்டாவது கட்டம். காலேஜ் கேட்ட சுத்தி இருக்கற கடைல இதெல்லாம் கண்டிப்பா இருக்கும், அந்தக் கட்டிலோட அளவு கூட அந்த கடைக்காரருக்கு மனப்பாடம். கொஞ்சம் விலை கூட இருக்கலாம், ஆனா மெட்ராஸ்லேர்ந்து மெத்தைய உருட்டிக்கிட்டு போற கஷ்டத்துக்கு அது எவ்வளவோ மேல்.

ஸ்டெப் 4: ஷாப்பிங், பிள்ளைய கூட்டிட்டு

காலேஜ் திறக்கற நேரமும் ஆடித் தள்ளுபடியும் ஒண்ணா வரும், அதனால தி.நகர்ல கால் வைக்க இடம் இருக்காது. வார நாள்ல காலைல 10 மணிக்கே ரங்கநாதன் தெருவுக்கு போயிடுங்க. மாம்பலம் ஸ்டேஷன்ல இறங்கினா 2023ல திறந்த ஸ்கைவாக் நேரா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகுது, லிஃப்ட் இருக்கு, திரும்பும்போது பையோட கூட்டத்துல நசுங்காம மேலயே வந்துடலாம். சட்டை பேன்ட், உள்ளாடை, எவர்சில்வர் சாமான் எல்லாம் இங்கயே முடியும்.

துணி எவ்ளோன்னா, வாரத்துக்கு ஒரு தடவை துவைக்கற பிள்ளைக்கு காலேஜுக்கு 6 செட், ரூமுக்கு 3, உள்ளாடை 10. வெள்ளை வேணாம், உப்புத்தண்ணில ரெண்டே மாசத்துல பழுப்பாயிடும். துண்டு விஷயத்துல நான் ரொம்ப அழுத்தமா சொல்வேன், தடி டர்க்கி டவல் வாங்காதீங்க, ரூம் கொடில அது காயவே காயாது, நாத்தம் வந்துடும். ஈரிழைத் துண்டு 3 வாங்குங்க, ஒரு மணி நேரத்துல காஞ்சிடும், துவைக்கறதும் ஈஸி. பெட்ஷீட்டும் அதே மாதிரி மெல்லிசா சிங்கிள் சைஸ்ல 2. நான் எழும்பூர் பாந்தியன் ரோடு கோ-ஆப்டெக்ஸ்ல வாங்கினேன், கூட ஒரு ஜமக்காளமும். பிரண்ட்ஸ் வந்தா கீழ விரிக்க, மொட்டமாடில உக்காந்து படிக்கன்னு பெரியவ ரூம்ல அதிகமா உழைச்சது அந்த ஜமக்காளம்தான்.

நோட்டு, பேனா, ரெக்கார்டு ஷீட்டெல்லாம் பாரிஸ் பந்தர் தெரு, மொத்தமா வாங்கினா நல்லா குறையும், மண்ணடி மெட்ரோல இறங்கி நடக்கலாம். ஆனா ஞாயித்துக்கிழமை போகாதீங்க, மொத்தக்கடை நிறைய மூடியிருக்கும். அப்பறம் முதல் செமஸ்டருக்கு 5 நோட்டு போதும், ரெக்கார்டு நோட்டு நிறைய இடத்துல காலேஜ்லயே தராங்க.

கரெண்ட் சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். ஐஎஸ்ஐ முத்திரை போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒயர் 3 மீட்டராவது இருக்கட்டும், ஏன்னா பிளக் பாயின்ட் எப்பவும் கட்டிலுக்கு எதிர் மூலைலதான் இருக்கும். கெட்டில் அனுமதி இருந்தா மட்டும் வாங்குங்க, அதுலயும் வாட்ஸ் பாருங்க. ரூம்ல இருக்கற சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர்தான், 1500 வாட்ஸ் கெட்டில் 230 வோல்ட்ல ஆறரை ஆம்பியர் இழுக்கும், அதோட லேப்டாப்பும் அதே பாக்ஸ்ல சொருகினா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. 600 வாட்ஸ் குட்டி கெட்டில்னா மூணு ஆம்பியர் கூட வராது. கூடாதுன்னு சொல்லிட்டா கூடாதுதான், ஒளிச்சு வெச்சு குடுத்து அனுப்பாதீங்க.

ஸ்டெப் 5: பேர் போடறது

பாத்திரக் கடைலயே தட்டு, டம்ளர், ஸ்பூன், டிபன் பாக்ஸ்ல பேர் வெட்டித் தரச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷம். துணிக்கு காலர் உள்பக்கம் சிவப்பு நூல்ல ஒரு எழுத்து தைங்க. பக்கெட்டுக்கு நெயில் பாலிஷ். சார்ஜர் ஒயர்ல கலர் டேப். லேப்டாப் சீரியல் நம்பர போட்டோ எடுத்து வைங்க.

ஸ்டெப் 6: சாப்பாட்டு டப்பா

இதுல எனக்கு கை அடங்காது, அதனால நிதானமா சொல்றேன். மெஸ் சாப்பாடு முதல் ஒரு மாசம் எந்த பிள்ளைக்கும் பிடிக்காது. சூடான சோத்துல போட்டுக்க ஒரு பொடி, இட்லி தோசைக்கு ஒண்ணு, ஒரு தொக்கு, ஒரு ஊறுகாய், கொஞ்சம் முறுக்கு, அது போதும்.

பருப்புப்பொடி நான் பண்றது: துவரம்பருப்பு ஒரு கப், பொட்டுக்கடலை அரை கப், காஞ்ச மிளகாய் 6, மிளகு அரை ஸ்பூன், பெருங்காயம், உப்பு. துவரம்பருப்ப எண்ணெய் விடாம சின்ன தீயில நிறம் மாறி வாசனை வர வரைக்கும் வறுங்க, அவசரப்பட்டா உள்ள பச்சையா இருக்கும். மிளகாயும் மிளகும் தனியா, கடைசியா பொட்டுக்கடலை சூடு ஏற மட்டும். நல்லா ஆற விட்டுத்தான் அரைக்கணும், அரைச்சப்பறமும் பேப்பர்ல பரத்தி ஆற விட்டுத்தான் டப்பால போடணும். சூட்டோட மூடினா மூடில வேர்த்து பொடி கட்டி பிடிச்சு பூஞ்சை வந்துடும். தேங்காய் சேக்காதீங்க, அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். தக்காளித் தொக்குக்கு நல்லெண்ணெய் தாராளமா, தொக்குக்கு மேல எண்ணெய் மிதக்கற மாதிரி இருக்கணும், ஈர ஸ்பூன் போடக்கூடாதுன்னு பிள்ளைகிட்ட பத்து தடவை சொல்லுங்க.

எல்லாத்தையும் ஒரே பெரிய டப்பால குடுக்காதீங்க, சின்ன சின்ன டப்பாவா குடுங்க. ஒரு டப்பாவ திறந்தா ரூம்ல 4 பேரும் சாப்பிடுவாங்க, சாப்பிடணும், அப்படித்தான் பிரண்ட்ஷிப் ஆரம்பிக்கும். மிச்ச டப்பா மூடினபடியே இருக்கும். தொக்கு பாட்டில் வாய்ல பிளாஸ்டிக் கவர் வெச்சு அது மேல மூடி திருகி, இன்னொரு கவர்ல கட்டி, தனி பைல. புது சட்டைல எண்ணெய் இறங்கினா போகாது.

ஸ்டெப் 7: பேக்கிங் பிள்ளைதான் பண்ணணும்

நீங்க பக்கத்துல உக்காருங்க, எடுத்துக் குடுங்க, ஆனா கை அவங்களோடது. சின்னவன் முதல்ல சட்டைய சுருட்டி சுருட்டி வெச்சான், நான் வாய மூடிக்கிட்டேன், அப்பறம் அவனே பை மூடலன்னு பிரிச்சு மடிச்சான். மொத்தம் 3 பை. பெரிய சூட்கேஸ்ல துணி, ஒரு பைல சாமானும் டப்பாவும், தோள்பைல ஃபைல், லேப்டாப், சார்ஜர், மருந்து, ஒரு செட் மாத்துத்துணி. இந்த தோள்பை பிள்ளை முதுக விட்டு இறங்கக்கூடாது.

மருந்து டப்பால பாராசிட்டமால், ஓஆர்எஸ் (பெரிய பாக்கெட்ட முழு 1 லிட்டர் தண்ணில கலக்கணும், பாதி டம்ளர்ல இல்ல), பேண்டெய்டு, தைலம், வீசிங் மாதிரி ஏதாவது இருந்தா டாக்டர் சீட்டோட அந்த மருந்து. பொண்ணுங்களுக்கு 2 மாசத்துக்கு நாப்கின், ஒரு ஹாட் வாட்டர் பேக். ஒரு பேப்பர்ல ரத்த குரூப், அலர்ஜி, நம்ம போன் நம்பர் எழுதி பர்ஸ்ல ஒண்ணு, டப்பால ஒண்ணு.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே துணி துவைக்க, கொசுவலை கட்ட, பட்டன் தைக்க, ஏடிஎம்ல பணம் எடுக்க வெச்சுப் பாருங்க. பையனா பொண்ணான்னு இதுல வித்தியாசமே இல்ல.

ஸ்டெப் 8: அந்த நாள்

ட்ரெயின்ல ஸ்லீப்பர்னா ஒரு டிக்கெட்டுக்கு 40 கிலோ வரைக்கும் எடுத்துட்டு போகலாம், லோயர் பெர்த் கிடைச்சா சாமான கீழ தள்ளி சங்கிலி போட்டுடலாம். நாங்க எழும்பூர்லேர்ந்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். பஸ்னா திருச்சி பக்கம் போறது கிளாம்பாக்கத்துலேர்ந்து, அது வரைக்கும் லக்கேஜோட போற ஆட்டோ செலவையும் கணக்குல சேத்துக்கோங்க.

ஹாஸ்டலுக்கு காலைல போயிடுங்க. ஒருத்தர் ஃபைலோட ஆபீஸ் க்யூ, இன்னொருத்தர் பிள்ளையோட ரூம். பொண்ணுங்க ஹாஸ்டல் உள்ள அப்பாவ நிறைய இடத்துல விட மாட்டாங்க, அதனால தூக்கற கனம் அம்மா தூக்கற அளவா இருக்கட்டும். மெத்தைய போடறதுக்கு முன்னாடி கட்டில் மூலை, இணைப்பு எல்லாம் போன் டார்ச் அடிச்சு மூட்டைப்பூச்சி இருக்கான்னு பாருங்க, இருந்தா உடனே வார்டன்கிட்ட சொல்லுங்க. பழைய துணி ஒண்ணு, பழைய பேப்பர், 2 பூட்டு கைல இருக்கட்டும். அலமாரிய துடைச்சு பேப்பர் போட்டு பூட்டுங்க. ஒரு சாவி பிள்ளைகிட்ட, ஒண்ணு தோள்பை உள்ஜிப்ல, ஒண்ணு உங்க வீட்டுக்கு.

அப்பறம் மூணு பேரும் கேட்டுக்கு வெளிய வந்து ரெண்டாவது கட்டத்துல எழுதுனத வாங்குங்க, கூடவே சாப்டுங்க. ரூம்ல வேற பிள்ளைங்களோட அப்பா அம்மா இருந்தா போன் நம்பர் மாத்திக்கோங்க. ரொம்ப நேரம் நிக்காதீங்க, நாம இருக்கற வரைக்கும் பக்கத்து கட்டில் பிள்ளைகிட்ட அவங்க பேசவே மாட்டாங்க.

சின்னவன விட்டுட்டு வந்து மூணாவது நாள் போன் வந்துச்சு. எதுவும் தேடல. பருப்புப்பொடி முதல் டப்பா காலியாம், ரூம்மேட்டோட ஊர்லேர்ந்து அவங்க அம்மா எள்ளுப்பொடி குடுத்து விட்டிருக்காங்களாம், "அது எப்படி பண்றதுன்னு கேட்டு சொல்லட்டுமா ம்மா"ன்னான். நோட்ல மூணாவது கட்டத்துக்கு கீழ ஒரு குடையும் எழுதச் சொன்னான், எழுதி வெச்சிருக்கேன்.