வயிறு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மலச்சிக்கல்: எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ரங்கூன்ல நம்மாளுங்க வீட்டுல அறிவு வளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்க இருந்தா, வயசு 10 ஆனாலும் 40 ஆனாலும், இந்தப் பிரச்சினை அடிக்கடி வரும். வலிய வாயால சொல்ல வராதுல்ல, அதனால தலைய முட்டிக்கும், சோத்த தள்ளிவிடும், ராத்திரி கத்தும், நாம சேட்டைன்னு திட்டுவோம்.

ஸ்டெப் 1: எழுதி வைங்க
காலண்டர்லயே போதும், என்னிக்கு போச்சு, எப்படி இருந்துச்சு. பிரிஸ்டல் சார்ட்னு 7 வகை போட்ட படம் நெட்ல கிடைக்கும், அதுல 1, 2 (புழுக்கை, கட்டி கட்டியா) சிக்கல், 3, 4 நல்லது. வாரத்துல 3 தடவைக்கு கம்மின்னா கவனிக்கணும், தினம் போனாலும் முக்கி முக்கி கல்லா போனா அதுவும் சிக்கல்தான். முக்கியமா ஒண்ணு, பல நாள் போகாம இருந்துட்டு திடீர்னு தண்ணியா ஒழுகினா பேதிய நிறுத்துற மாத்திரை குடுத்துடாதீங்க, உள்ள கட்டி அடைச்சு அதைச் சுத்தி ஒழுகலாம், டாக்டர் வயித்த அமுக்கிப் பாக்கட்டும்.

ஸ்டெப் 2: தண்ணி, சாப்பாடு
திஞ்சான் (பர்மா புத்தாண்டு தண்ணித் திருவிழா) வெயில்ல ஊரே தண்ணி ஊத்தி விளையாடுது, இவங்க வயித்துக்குள்ள ஒரு டம்ளர் போயிருக்காது, கேக்கத் தெரியாதே! நீங்களா நேரம் வச்சு குடுங்க. குடிக்கும்போது இருமுனா, புரையேறினா முதல்ல டாக்டர்ட்ட கேளுங்க. பப்பாளி, கொய்யா, கீரை நல்லது. இசப்கோல் (தண்ணில கலக்கிக் குடிக்கிற நார்ச்சத்து உமி) மட்டும் நீங்களா குடுக்காதீங்க, தண்ணி பத்தலைன்னா அதுவே அடைச்சுக்கும்.

ஸ்டெப் 3: உக்கார வைங்க
சாப்பிட்டு 20, 30 நிமிஷத்துல குடல் தானா அசையும், அந்த நேரம் பாத்து தினமும். மேல்நாட்டு டாய்லெட்னா காலுக்கு கீழ முக்காலி போட்டு முட்டி இடுப்புக்கு மேல வரணும். அவசரப்படுத்தாதீங்க, திட்டினா அடக்கிக்குவாங்க.

ஸ்டெப் 4: டாக்டர்
சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு போங்க, மனநல மாத்திரை, சில வலிப்பு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரைகூட குடலை மந்தமாக்கும், அதுலயும் குளோசபின்ங்கிற மனநல மாத்திரைன்னா ரொம்ப கவனம். டவுன் சிண்ட்ரோம்னா தைராய்டு டெஸ்டும் கேளுங்க. வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ ரத்தம் வந்தாலோ அன்னிக்கே ஆஸ்பத்திரி. பாட்டி சொன்னாங்கன்னு விளக்கெண்ணெய் வேண்டாம்.

லாக்டுலோஸ் (மலத்த இளக்குற மருந்து) எழுதிக் குடுத்தா வேலை செய்ய 2 நாள் ஆகும், மறுநாளே டோஸ ஏத்தாதீங்க, ஒருவாட்டி நல்லா போச்சுன்னு நீங்களா நிறுத்தவும் நிறுத்தாதீங்க.