உடுக்கையை ஸ்பீக்கரில் போடாதீர்கள்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில் நிறுவல் கலை (ஒரு இடத்தையே படைப்பாக மாற்றி அமைக்கும் 'இன்ஸ்டலேஷன்') பார்க்கப் போயிருந்தேன். முற்றத்தைச் சுற்றிச் சிவப்புத் துணி, நடுவில் மண் குதிரைத் தலைகள், தூணுக்குப் பின்னால் ஸ்பீக்கர். பதிவு செய்த உடுக்கைச் சத்தம் நிற்காமல் ஓடியது. பேத்தியோடு வந்திருந்த அப்பத்தா ஒருவருக்குத் திடீரென்று கால் நடுங்கி, கண் சொருகி, அருள் வந்துவிட்டது. ஏற்பாட்டாளர்கள் செல்போனை எடுத்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்தான் ஓடிப்போய்ச் சத்தத்தை அணைத்து, திருநீறு பூசி, "மலையேறு தாயி" என்று தாங்கிப் பிடித்தார்.

ஊர்ச் சடங்கை எடுத்துக் கலை செய்கிறவர்களின் பெரிய தவறு இதுதான். இந்த ஊரில் உடுக்கை பின்னணி இசை இல்லை, சாமியை அழைக்கிற கருவி. உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி அடித்தால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குத் தெரியும். ஸ்பீக்கருக்குத் தெரியாது. ஆளைத் தாங்க ஆள் இல்லாத இடத்தில் அந்த ஒலியே வேண்டாம்.

சாமியாடியை 'ஷாமன்' என்று எழுதுவது அடுத்தது. அது சைபீரியாவின் துங்குசிய மொழிகளிலிருந்து வந்த சொல். அங்கே ஷாமனின் ஆன்மா வேறு உலகத்துக்குப் போய்வரும் என்பார்கள். இங்கே சாமி ஆள்மேல் இறங்கும். ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1974இல் நியூயார்க்கில் ஷாமன் பாணியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஓநாய் இனத்து விலங்கான ஒரு கொயோட்டியுடன் நாள்கணக்கில் இருந்தார். சரி, அது அவருடைய காரியம். சித்திரை வெயிலில் காரைக்குடியில் நாமும் போர்த்திக்கொள்ள வேண்டுமா?

பங்கேற்பு என்றால் என்ன என்பதை, அய்யனாருக்கு மண் குதிரை செலுத்தும் புரவி எடுப்பு விழாவில் பாருங்கள். ஊர் கூடி, குதிரை செய்யும் குயவரான வேளாரிடம் பிடிமண் கொடுத்த பிறகுதான் குதிரைக்கு வேலை தொடங்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி உண்டு, கண் திறப்பு உண்டு, அய்யனார் கோயில்வரை தோளில் சுமக்க ஆள் உண்டு. எல்லாம் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் கூப்பிட்டு ஒரு நூல் கட்டச் சொன்னால், வந்தவர் விருந்தாளிதான், பங்காளி ஆகமாட்டார். சம்பந்தப்பட்டவர்களையே அழைத்து வந்தாலும் சிக்கல் தீராது: 2017 வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நெட்டோ அமேசானின் ஹுனி குயின் மக்களுடன் சேர்ந்து கூடாரம் அமைத்தார்; மனிதர்களைக் காட்சிப்பொருள் ஆக்கியதாகப் பேச்சு எழுந்தது.

'ஊரே ஒன்றுகூடும் அழகு' என்று பலகை எழுதுமுன் முதல் மரியாதை யாருக்கு, யார் தள்ளி நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். அந்தச் சாதிக் கணக்கை மறைத்துச் செய்யும் கலை பொய்யாகத்தான் இருக்கும்.

அப்புறம், ஆத்தங்குடிக் கல் மேல் மஞ்சள் தண்ணீர் கொட்டாதீர்கள். சிமென்ட் கல், கறையைக் குடித்துவிடும்.

முடிந்தபின் பொருள்களை என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அய்யனார் கோயில் குதிரைகளை யாரும் அகற்றுவதில்லை. வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணோடு போகும். அந்த வளவில் பார்த்த தலைகளில் ஒன்றைப் பிறகு ஒரு விடுதி வாசலில் பார்த்தேன். காதில் குடை தொங்கிக்கொண்டிருந்தது.