பாதுகாப்பு மேலாண்மைச் சர்வரின் தரவுத்தளத்தை மேம்படுத்தும் முன்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் ஆன்டிவைரஸ் மேலாண்மை மென்பொருளுக்குப் பின்னால் இன்னும் எஸ்கியூஎல் சர்வர் 2014 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கான மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிக்கப்பட்ட ஆதரவும் 2024 ஜூலை 9 அன்றே முடிந்துவிட்டதால், மேம்படுத்துவதைத் தள்ளிப்போட வேண்டாம். எஸ்கியூஎல் சர்வரின் புதிய பதிப்பை உங்கள் ஆன்டிவைரஸ் மேலாண்மை மென்பொருள் ஏற்குமா என்பதைத் தயாரிப்பாளரின் பட்டியலில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த மேலாண்மை மென்பொருளின் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் பகுதிகளை) நிறுத்திவிட்டு, தரவுத்தளத்தை முழுமையாக பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து பார்ப்பது அவசியம். ஏனெனில் புதிய பதிப்புக்கு மாறிய தரவுத்தளத்தின் பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்றவே முடியாது. மென்பொருளின் என்கிரிப்ஷன் கீகளையும் தனியே எடுத்து வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அவை இல்லாவிட்டால், தரவுத்தளம் மீண்டாலும் கிளையன்ட் கணினிகள் (இந்தச் சர்வர் மேலாளும் அலுவலகக் கணினிகள்) சர்வருடன் பேசாமல் போகலாம்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது மலையில் புதிதல்ல என்பதால், யூபிஎஸ் பேட்டரியைச் சோதித்து, ஜெனரேட்டருக்கு டீசல் இருப்பதையும் பார்த்துவிட்டே செட்டப்பைத் தொடங்குவது நல்லது. அவசரப்பட வேண்டியதில்லை; சர்வர் நின்றிருக்கும் நேரத்திலும் கிளையன்ட் கணினிகள் பொதுவாகக் கடைசியாகப் பெற்ற பாலிசியின்படியே (பாதுகாப்பு விதிகளின்படியே) பாதுகாப்பாக இயங்கும். முடிந்ததும் சர்வீஸ்களைத் தொடங்கி, ஒரு கணினியிலிருந்தாவது புதிய நிகழ்வுப் பதிவு வந்து சேர்கிறதா என்று மென்பொருளின் மேலாண்மைத் திரையான கன்சோலில் பாருங்கள்.