இசை நாடக மேடையிலிருந்து தொலைக்காட்சிக்கு: கேமராவுக்குப் பழகும் வழி

மேடையில் பாடி ஆடி வளர்ந்த நடிகை முதன்முதலாகக் கேமரா முன் நின்றதும் கேட்கும் அறிவுரை, "கொஞ்சம் குறைச்சுப் பண்ணும்மா" என்பதுதான். அதைக் கேட்டு நடந்தால் முகம் இறுகிவிடும், கண்ணில் உயிர் இருக்காது. குறைக்க வேண்டியது உணர்ச்சியை அல்ல, அது போய்ச் சேரவேண்டிய தூரத்தை. மேடையில் கடைசி வரிசைக்கு அனுப்பிய அதே வசனத்தை இங்கே எதிரில் நிற்பவரின் காதுக்கு மட்டும் அனுப்புங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி. கைப்பேசியைக் கண் உயரத்தில், மார்பிலிருந்து தலை வரை தெரியும்படி நிறுத்துங்கள். ஒரு பக்க வசனத்தை மூன்று முறை பேசுங்கள். எதிர்வசனம் சொல்பவர் முதலில் 20 அடி, பிறகு 6 அடி, கடைசியில் 2 அடி தூரத்தில் நிற்கட்டும். கைப்பேசியும் நீங்களும் இடம் மாறக் கூடாது. மூன்று பதிவுகளையும் முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். 20 அடியில் புருவம் ஏறியிருக்கும், பால்கனியைப் பார்த்துப் பழகிய முகவாய் தூக்கலாக இருக்கும். 2 அடியில் இரண்டும் தானாகவே இறங்கியிருக்கும். இந்த இடைவெளியைத்தான் உடம்பு மனப்பாடம் செய்ய வேண்டும்.

அடுத்து ஒலியோடு கேளுங்கள். பாடகிகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே பிடிபடும்: ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் வாய்வழியாக இழுக்கும் பெரிய மூச்சு. அரங்கில் அது யாருக்கும் கேட்காது. உடையில் செருகிய சின்ன மைக்குக்கு அது துல்லியமாகக் கேட்கும். எடிட்டருக்கும் தொல்லை, ஏனென்றால் நீங்கள் பேசப்போவதை மூச்சே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எதிராளியின் கடைசி இரண்டு மூன்று சொற்கள் ஓடும்போதே மூக்கு வழியாக, வயிற்றுக்கு, சத்தமில்லாமல் மூச்சை எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்தாலே போதும், மாற்றம் தெரியும்.

நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டிய டேப்தான் உங்கள் மார்க். அதைக் குனிந்து பார்த்தால் அந்த டேக், அதாவது அந்த முறை எடுத்த பதிவு, வீண். ஒத்திகையில் மார்க்கின் மேல் நின்று, வசனம் சொல்லிக்கொண்டே பின்னோக்கி நடந்து, தொடங்கும் இடத்துக்குப் போங்கள். எத்தனை அடி என்று கால் தெரிந்துகொள்ளும். நடனம் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். ஆனால் தாளத்தில் வந்து 'டக்'கென்று நிற்கும் பழக்கமும் கூடவே வரும், திரையில் அது பயிற்சி செய்த நடையாகத் தெரியும். கடைசி அடியை மட்டும் கொஞ்சம் சோம்பலாக வையுங்கள்.

ஒரே காட்சியை முதலில் அகலமான ஷாட்டிலும், பிறகு ஒவ்வொருவரின் முகத்தை நெருங்கி அண்மைக் காட்சியாகவும் (குளோஸ்-அப்) எடுப்பது வழக்கம். காபிக் கோப்பையை எந்தச் சொல்லில் எடுத்தீர்கள், எந்தக் கையில் பிடித்தீர்கள் என்பது எல்லா டேக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுடைய மிகச் சிறந்த டேக்கே எடிட்டிங்கில் மற்ற ஷாட்டோடு சேராமல் போகும். அதனால் அகல ஷாட்டில் கை வேலைகளைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். அழுகையையும் அப்போதே கொட்டிவிடாதீர்கள். மேடைக்காரர்கள் முதல் டேக்கிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். மூன்று மணி நேரம் கழித்து அண்மைக் காட்சி வரும்போது கண் வறண்டிருக்கும். உங்கள் அண்மைக் காட்சி எப்போது வரும் என்று உதவி இயக்குநரிடம் கேட்பதில் தவறே இல்லை.

அண்மைக் காட்சியில் எதிராளியின் ஒரு கண்ணை மட்டும், கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணை மட்டும், பாருங்கள். இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் உங்கள் விழி அலைவது பெரிதாகத் தெரியும். எதிராளியின் வசனத்தின் மேல் ஏறிப் பேச வேண்டாம், இயக்குநர் கேட்டால் ஒழிய.

தேர்வுக்கு அனுப்பும் காணொளியில் மேடைப் பதிவுகளைச் சேர்க்காதீர்கள். தூரத்திலிருந்து எடுத்த பதிவில் முகமே தெரியாது. கேமராவுக்காகவே நடித்த இரண்டு காட்சிகள், மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள், போதும். பின்னணி வெறும் சுவராக இருக்கட்டும். எதிர்வசனம் படிப்பவர் லென்ஸுக்கு ஒட்டி நின்று உங்களைவிடக் குறைந்த சத்தத்தில் பேசட்டும், மைக்குக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

எந்த வகை வேலையில் தொடங்குவது? அமெரிக்கத் தொலைக்காட்சியில் மேடைக்காரர்களுக்கு நல்ல பாலம், பார்வையாளர்கள் முன்னிலையில் பல கேமராக்களில் எடுக்கும் நகைச்சுவைத் தொடர். வாரம் முழுக்க ஒத்திகை, கடைசியில் ஆட்கள் முன் நடிப்பு. சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்கும் மேடைப் பழக்கம் இங்கே பலம். நடிகை பியா ஆர்தர் 1966-ல் பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்குகள்) இசை நாடகத்துக்காக, அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது வாங்கியவர். 1972-ல் சொந்தத் தொடரின் நாயகியானதும் இந்த வகையில்தான். ஆனால் இது உடனே நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேடைப் பாடகியும் நடிகையுமான கிறிஸ்டின் செனோவெத் டோனி வாங்கியது 1999-ல், தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கியது 2009-ல். இடையில் மேடையை அவர் விடவில்லை.

அங்கே ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் எபிசோடுக்குக் கையெழுத்திடும்போதே பல ஆண்டுகளுக்கு உங்களைக் கட்டிப்போடும் உரிமையைத் தயாரிப்பு நிறுவனம் எழுதி வாங்கிக்கொள்ளும். சீசன் இடைவேளையில் மேடையேற அனுமதி உண்டு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

தொடரில் பாடும் காட்சி வந்தால், பெரும்பாலும் முன்பே பதிவான பாட்டுக்கு வாயசைக்க வேண்டியிருக்கும். வெறுமனே அசைக்காமல் சத்தமாகவே பாடுங்கள். கழுத்து நரம்பும் விலாவும் வேலை செய்யாவிட்டால் பொய் என்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

படப்பிடிப்புக் காலத்திலும் வாரத்தில் நான்கைந்து நாள், 20 நிமிடமாவது முழுக்குரலில் பாடுங்கள். மெல்லப் பேசியே பழகிய தொண்டை, மேடையில் வாரத்துக்கு எட்டு முறை பாடி நடிப்பதைத் திடீரென்று தாங்காது. மேடைக்குத் திரும்புவதாக இருந்தால் ஒத்திகைக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்: முதல் இரண்டு வாரம் மத்திய ஸ்தாயியில் (நடுத்தர உயரச் சுரங்களில்) மட்டும், உச்ச சுரங்கள் மூன்றாம் வாரத்திலிருந்து, கடைசி இரண்டு வாரம் ஆடிக்கொண்டே பாடுவது.