வெளியே அழகாகத் தெரிந்தது, வீட்டுக்கு வந்ததும் எங்கே போகிறது?

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி, மூன்று மணி நேரம் நடந்து, இருநூறு படங்களோடு திரும்புகிறோம். பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் மனசு சுருங்கிவிடுகிறது. அங்கே கண்ணில் பட்ட எதுவும் படத்தில் இல்லை. உடனே லென்ஸ் மேல் சந்தேகம் வரும், புதுசு வாங்கலாமா என்று தோன்றும். என் பழைய படங்களை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. லென்ஸ் கெடுத்த படங்கள் கொஞ்சம்தான். அவசரம் கெடுத்தவைதான் அதிகம்.

ஒரு காலையில் மழை விட்டு வெயில் சாய்வாக விழுந்திருந்தது. சுவரோரம் ஒரு பழைய சைக்கிள், சீட் முழுக்க நீர்த்துளி. நின்ற இடத்திலிருந்தே ஒன்று எடுத்துவிட்டு நகர்ந்தேன். பத்தடி போனதும் ஏதோ உறுத்த, திரும்பி வந்து குந்தி உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரின் நிழல் ஈரச் சுவரில் மாட்டுக் கொம்பு போல வளைந்து கிடந்தது. முதல் படத்தில் அந்த நிழல் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறது. மேல் மூலையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் வேறு. இரண்டடி முன்னே நகர்ந்ததும் குழாய் வெளியே போனது, நிழல் முழுசாக உள்ளே வந்தது. அதே கேமரா, அதே வெளிச்சம், நடுவில் இரண்டு நிமிடம்தான்.

நின்ற உயரத்தில் நின்றபடியே எடுப்பதுதான் முதல் தவறு என்று இதனால்தான் சொல்கிறேன். குழந்தையையும் நாயையும் மேலிருந்து எடுத்தால் தலையும் தரையும்தான் வரும். முட்டி போட்டு அவர்கள் கண் மட்டத்துக்குப் போனால் முகம் கிடைக்கும்.

அடுத்தது பின்னணி. பிடித்த விஷயத்தைப் பார்த்துவிட்டால் மனம் மற்றதை மறைத்துவிடும், கேமரா மறைக்காது. சிரிக்கும் முகத்துக்குப் பின்னால் விளக்குக் கம்பம் தலையிலிருந்து முளைத்த மாதிரி நிற்கும், ஓரத்தில் யாருடைய முழங்கையோ நீட்டிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்துமுன் நான்கு விளிம்புகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். அநேகமாக ஓரடி தள்ளி நின்றாலே போதும்.

அப்புறம் முந்தின நாள் செட்டிங். இரவில் எடுக்க வைத்த ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்ற அளவு) 3200 அப்படியே இருக்க, காலை வெயிலில் எடுத்துத் தள்ளினால் அத்தனை படத்திலும் தேவையில்லாமல் மணல் தூவியது போலப் புள்ளி மண்டும். வாசலைத் தாண்டுமுன் ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே விழும்படி நிறத்தைச் சரிசெய்வது) மூன்றையும் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

ஷட்டர் வேகத்தில்தான் நிறையப் படங்கள் பறிபோகின்றன. கையில் பிடித்து எடுக்கும்போது லென்ஸின் குவியத் தூரத்துக்கு (லென்ஸில் மி.மீ. என்று எழுதியிருக்கும் எண்) ஈடாகவாவது வேகம் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு: 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடி, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/200. ஒளியைப் பதியும் சென்சார் பிலிம் அளவைவிடச் சின்னதாக இருந்தால் அந்த வேகத்தைச் சுமார் ஒன்றரை மடங்காக்க வேண்டும். கை ஆட்டத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் 1/30-இல் தெருவை எடுக்கிறார்கள். அந்த வசதி நம் கை ஆட்டத்தைத்தான் தாங்கும், எதிரே நடப்பவரின் அசைவை நிறுத்தாது. நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500 அல்லது அதற்கு மேல் வையுங்கள். இதற்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும். புள்ளியைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தைத் திருத்த முடியாது.

வெள்ளைத் துணி ஏன் அழுக்காக விழுகிறது என்று பலர் கேட்பதுண்டு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். படச்சட்டம் முழுக்க வெள்ளை இருந்தால் படத்தை இருட்டாக்கும், கறுப்புப் பூனை நிறைந்திருந்தால் அதை வெளுக்கும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் வெளிச்சத்தை) ஒரு படி கூட்டுங்கள், கறுப்புக்கு ஒரு படி குறையுங்கள். மற்ற நேரங்களில் வானத்தின் மீது ஒரு கண் இருக்கட்டும். ஒரேயடியாக வெளுத்துப்போன இடத்தில் மீட்டெடுக்க எதுவுமே பதிவாகியிருக்காது.

உச்சி வெயிலில் முகம் எடுத்தால் கண்குழியில் நிழல் தேங்கும். நிழலுக்கு அழைத்துப் போனால் சரியாகிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் வந்தவுடன் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பையை மூடியே வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே அவசரம்தான். இன்னும் சொல்லப்போனால், வழியிலேயே, உள்ளங்கையளவு திரையைப் பார்த்துப் படங்களை அழிக்கத் தொடங்கிவிடுகிறோம். அன்று பட்ட அலைச்சலும் சந்தோஷமும் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கஷ்டப்பட்டு எடுத்த படம் நல்ல படமாகத் தெரியும், சும்மா கிளிக் செய்தது கண்ணுக்கே படாது. நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் இந்த மயக்கம் தெளியட்டும் என்று பிலிமை உடனே கழுவாமல் மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக, ஆறப்போட்டு வைப்பார். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத பிலிம் சுருள் சுமார் 2,500 இருந்தது. அவ்வளவு வேண்டாம், ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். சைக்கிள் படத்திலும் எனக்கு அதுதான் நடந்தது. நான் தள்ளி வைத்திருந்த ஒன்றில்தான் சீட்டின் துளி ஒவ்வொன்றிலும் எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது.

இருநூறில் ஐந்து தேறினால் அது நல்ல நாள். அந்த ஐந்தை மட்டும் அடுத்தவருக்குக் காட்டுங்கள். நிறத்தை ஏற்றுவதில் மட்டும் கை கட்டுப்படட்டும். புல் பச்சை பெயின்ட் மாதிரி மின்னினால் இரண்டு படி இறக்க வேண்டும் என்று அர்த்தம்.

படங்கள் இரண்டு இடத்தில் நகலாகும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். நகல் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு முழு நாளின் படங்களை நான் அழித்திருக்கிறேன், அந்த வலி யாருக்கும் வேண்டாம். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காமல் அப்படியே வெளியே எடுத்து வையுங்கள். மேலே புதுப் படம் பதியாதவரை, மீட்பு மென்பொருளால் பெரும்பாலான படங்களைத் திரும்ப எடுக்க வாய்ப்பு உண்டு.